எத்தனை தலையணை?

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் வாலுவும் நலம். குளியலறைக் கூரைதான் நலமில்லை, மறுபடியும் மூலையில் ஒழுகுகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்கலாமென்றால், மூன்று வாரமாக மணி அடிக்கிறது, அடிக்கிறது, நின்றுவிடுகிறது. எடுத்தாலும் நீ பேசுவது மூன்றே வார்த்தை: நல்லாருக்கேன், சாப்பிட்டேன், வச்சிடறேன். அதற்குக் கடிதமே மேல். காகிதத்தில் நீ பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நலத்துறை அலுவலகத்திலிருந்து மஞ்சள் உறை வந்திருக்கிறது. நான்கு தடவை படித்துவிட்டேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. அப்படியே எழுதுகிறேன், உனக்காவது புரிகிறதா பார். "தங்கள் குடும்பப் பட்டியலிலுள்ள மூவரில் ஒருவரது வருமானம் தற்போது தெரியவந்துள்ளதால், உணவு அட்டையின் அளவு பாதியாகக் குறைக்கப்படுகிறது. மருத்துவ அட்டை பரிசீலனையில் உள்ளது. ஆட்சேபம் இருப்பின் உரிய இடத்தில் குறிப்பிடவும்." உரிய இடம் எது என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

சலவை ஆலையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். ஏழாம் ஜன்னலில் அதே கண்ணாடி போட்ட பெண்தான். பெயர் தெரியாது. நானும் வாலுவும் அவளை ஏழாம் ஜன்னல் என்றே சொல்வோம்.

"உங்க தம்பி கல் பட்டறையில வேலை பார்க்கிறாரே, அதைச் சொல்லவே இல்லையே?" என்றாள்.

"ரெண்டு வருஷமா பார்க்கிறான். அங்க சம்பாதிக்கிறது அங்க தங்கிச் சாப்பிடறதுக்கே சரியா இருக்கு. அந்த ஊர் எங்க, இந்த ஊர் எங்க?"

"கம்ப்யூட்டருக்கு அங்க இங்கன்னெல்லாம் தெரியாதும்மா. போன மாசம்தான் புதுசு மாத்தினாங்க. பட்டியல்ல பேர் இருந்தா அவர் உங்க வீட்லதான் சாப்பிடறார்."

கேட்டாயா? நீ இங்கேதான் தினமும் சாப்பிடுகிறாயாம். தட்டைக் கழுவி வைக்காமல் எழுந்து போகிறவன் நீதான் போலிருக்கிறது.

நவம்பரில் நீ சொல்லிக் கொடுத்தபடிதான் எல்லாம் செய்தேன். படிவத்தை நிரப்பி, ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை ஜன்னலில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு, அசலைப் பிஸ்கட் டப்பாவில் வைத்தாயிற்று. அப்பாவின் இறப்புச் சான்றிதழை அந்த அலுவலகம் தொலைத்த நாளிலிருந்து "அசலைக் கையைவிட்டு விடாதே" என்பதுதானே நம் வீட்டுச் சட்டம். பிறகு எங்கே தப்பு நடந்தது?

சாப்பாடு பாதியானால் எப்படியாவது சமாளிக்கலாம். மருத்துவ அட்டை போனால்தான் சமாளிக்க முடியாது. என் இன்சுலின் முழுக்க அந்த அட்டையில்தான் வருகிறது. உனக்குத்தான் படிவங்களின் பாஷை தெரியும். யோசித்து எழுது.

குளிர் அதிகம். நெஞ்சுக்குத் துணி சுற்றிக்கொள்.

உன் அக்கா

*

ஜனவரி 29

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்லோடு வேலை செய்கிறவன் கல் மாதிரிதான் இருக்கிறேன். வாலுவுக்கு அவள் மாமாவின் முத்தம். கூரைக்குத் தார்ப்பட்டை ஒட்டு, சிமெண்ட் பூசாதே.

போன் கெட்டுவிட்டது. கல் அறுக்கும்போது தண்ணீர் ஓடுமே, அந்தத் தொட்டியில் விழுந்துவிட்டது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

இதில் குழம்ப எதுவுமே இல்லை. பட்டியலில் மூன்று பேர் இருப்பதால்தானே வம்பு? என் பெயரை எடுத்துவிடு. ஒரு வெள்ளைத் தாளில் "என் தம்பி இரண்டு வருடங்களாக என் குடும்பத்தில் வசிக்கவில்லை, அவர் பெயரை நீக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஏழாம் ஜன்னலில் கொடு. நீயும் வாலுவும் மட்டும் என்றால் உன் சலவைச் சம்பளத்துக்கு இரண்டு அட்டையும் முழுசாகக் கிடைக்கும். பத்து நிமிட வேலை. ஜெராக்ஸ் எடுக்க மறக்காதே, அசல் டப்பாவுக்கு.

எனக்கு அந்த அட்டையால் என்ன உபயோகம்? நான் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனது வாலு பிறந்தபோது.

இங்கே வேலை அதிகம். சமையலறை மேடைக் கற்களுக்கு ஏகப்பட்ட ஆர்டர். எங்கள் விடுதிச் சமையல்காரர் உப்பு போட மறந்தாலும் அன்பு போட மறப்பதில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே.

கொடுத்துவிட்டு எழுது.

உன் தம்பி

*

பிப்ரவரி 17

அன்புத் தம்பி,

நாங்கள் இருவரும் சுகம். தார்ப்பட்டை ஒட்டினோம், ஒழுகல் இப்போது பக்கத்து மூலைக்குப் போய்விட்டது.

ஆலையில் புது உருளை இயந்திரம் வந்திருக்கிறது. ஓட்டல் விரிப்புகளை ஒரு பக்கம் கொடுத்தால் மறு பக்கம் மடிப்பே இல்லாமல் வருகிறது. எங்கள் மேற்பார்வையாளர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். வாலு கணக்கில் முதல் மதிப்பெண். அறிவியலில் என்ன என்று கேட்டால் காது கேட்காத மாதிரி போகிறாள், உன்னைக் கொண்டிருக்கிறாள்.

உணவு அட்டையில் இந்த மாதம் பாதிதான் கொடுத்தார்கள். மாவு பாதி, பருப்பு பாதி, எண்ணெய் பாட்டிலைப் பாதியாக ஊற்ற முடியாது என்பதால் ஒரு மாதம் விட்டு ஒரு மாதமாம். பரவாயில்லை, ஆலையில் மதியம் ரொட்டி தருகிறார்கள்.

உன்னிடம் சில கேள்விகள். பட்டறையில் முகத்துக்கு மூடி தருகிறார்களா? துணி மூடியா, வடிகட்டி வைத்ததா? கல் அறுக்கும்போது தண்ணீர் எப்போதும் ஓடுமா, அவசரத்தில் நிறுத்திவிடுவார்களா? ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாய்?

எல்லாவற்றுக்கும் பதில் எழுது. ஒன்றைக்கூட விட்டுவிடாதே.

உன் அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் கடிதத்தை இரண்டு தடவை உதறிப் பார்த்தேன், உள்ளே இன்னொரு தாள் இருக்கிறதா என்று. நான் கேட்டது ஒன்றே ஒன்று: பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாயா இல்லையா? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இயந்திரம், விரிப்பு, மேற்பார்வையாளர் படம் எடுத்துக்கொண்டது எல்லாம் இருக்கிறது.

தலையணைக் கேள்வி எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இதென்ன படிவத்தில் கேட்கிறார்களா? எழுதிக்கொள்: ஒன்று. மூடி தருகிறார்கள். தண்ணீர் ஓடும்.

பாதி உணவு வாங்கிக்கொண்டு "பரவாயில்லை" என்று எழுதுகிறாய். ஏன் பரவாயில்லை? ஒரு தாள், ஒரு கையெழுத்து. இதற்குள் எழுதிக் கொடுத்திருந்தால் முழு அளவு வந்திருக்கும். மருத்துவ அட்டை என்ன ஆயிற்று? அதையும் எழுதவில்லை.

உனக்கு நேரமில்லையா, மறதியா, வீம்பா? எதுவானாலும் சொல்லித் தொலை. உன்னை ஒன்றும் செய்ய முடியாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு தலை வெடிக்கிறது.

வாலு நன்றாகச் சாப்பிடுகிறாளா?

தம்பி

*

மார்ச் 30

என் தம்பிக்கு,

உன் கோபம் உறையைப் பிரிக்கும்போதே தெரிந்தது, தபால்தலையைக் கோணலாக ஒட்டியிருந்தாய். நாங்கள் நலம்தான்.

பெயர் விஷயம். போன வாரம் போனேன், ஏழாம் ஜன்னல் விடுப்பாம். அதற்கு முந்தின வாரம் அவர்களிடம் தாள் தீர்ந்துவிட்டதாம். அதற்கும் முந்தின தடவை நான் எழுதிக்கொண்டு போனதைப் பேருந்தில் விட்டுவிட்டேன். இப்படியே தள்ளிப் போகிறது. செய்யலாம், என்ன அவசரம்?

மருத்துவ அட்டையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நிறுத்தவில்லையாம், "நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்". இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மருந்துக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் மருந்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "இதான் வித்தியாசம்" என்றார். கையிருப்பு இருக்கிறது, பயப்படாதே.

நீ ஒன்று என்று எழுதிய பதிலைப் படித்தேன். சரி.

இந்த வெயிலிலாவது உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

(அதே உறையில், கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள்)

அன்புள்ள மாமா,

நான் வாலு. அம்மா கடிதத்தை ஒட்டி என்னிடம்தான் தபாலில் போடக் கொடுத்தார்கள். நான் ஆவி காட்டிப் பிரித்து இதை உள்ளே வைக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அம்மா காலையில் மட்டும் ஊசி போடுகிறார்கள். ராத்திரி போடுவதில்லை. கேட்டால் "டாக்டர் குறைக்கச் சொன்னாரு" என்கிறார்கள். டாக்டரிடம் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுப்பினால் சீக்கிரம் எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடிக்கிறார்கள்.

ஏழாம் ஜன்னல் விடுப்பில் போகவில்லை. நாங்கள் போன வாரம்கூடப் பார்த்தோம். அம்மா அவர்களிடம் ரொம்ப நேரம் பேசினார்கள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை மாமா. நீங்கள் சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.

வாலு

*

ஏப்ரல் 16

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. உன் நலம் எப்படி என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

ராத்திரி ஊசியை நிறுத்திவிட்டு என்னிடம் கையிருப்பு இருக்கிறது என்று பூசி மெழுகுகிறாய். யார் காதில் பூ சுற்றுகிறாய்? ஒரு பெயரை எடுக்க உனக்கு மூன்று மாதமாகக் கை வரவில்லை. ஏன் என்று நானும் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பெயரை எடுத்தால் நான் உனக்குத் தம்பி இல்லை என்று ஆகிவிடுமா? அது ரேஷன் பட்டியல் அக்கா, இரத்த சம்பந்தப் பட்டியல் இல்லை.

அதனால் நானே முடித்துவிட்டேன். "நான் அந்தக் குடும்பத்தை விட்டு நிரந்தரமாக வெளியேறிவிட்டேன், திரும்பும் உத்தேசம் இல்லை, என் பெயரை நீக்கவும்" என்று எழுதி, கையெழுத்திட்டு, நேராக அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் நேற்று அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை ஜெராக்ஸ் இல்லை, அசல். அடுத்த மாதம் உனக்கு இரண்டு அட்டையும் முழுசாக வரும்.

வந்ததும் முதல் வேலையாக இன்சுலினை வாங்கி இரண்டு வேளையும் போடு. அதைத் தவிர எனக்கு உன்னிடமிருந்து எதுவும் வேண்டாம்.

தம்பி

*

மே 10

தம்பி,

என்னடா காரியம் செய்துவிட்டாய்.

உன் கடிதமும் அலுவலகத்தின் மஞ்சள் உறையும் ஒரே நாளில் வந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செருப்பைக்கூட மாற்றாமல் ஆலையிலிருந்து அப்படியே ஓடினேன். ஏழாம் ஜன்னல் உன் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். உன் கோணல் எழுத்து, உன் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து வால் நீட்டியபடி. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"இது என் தம்பி கையெழுத்தே இல்ல."

"என்னம்மா சொல்றீங்க?"

"யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. இத ஏத்துக்காதீங்க."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கையெழுத்தில் சந்தேகம் என்றால் விசாரணை முடிகிறவரை இரண்டு அட்டையையும் முழுசாக நிறுத்துவதுதான் விதியாம். அவர் இங்கே இருந்தபோது போட்ட பழைய அசல் கையெழுத்துகளைக் கொண்டுவாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். ஆக, இருந்த பாதியும் போயிற்று. உன்னால் கொஞ்சம், என்னால் கொஞ்சம்.

இனி மறைத்துப் பயனில்லை. கேள். டிசம்பர் கடைசியில் உன் விடுதிச் சமையல்காரர் எனக்குக் கடிதம் எழுதினார். நான் எப்போதோ உனக்கு அனுப்பிய பழைய உறையின் பின்னால் இருந்த முகவரியைப் பார்த்து எழுதியிருந்தார். அவர் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். "அம்மா, உங்க தம்பி மூணு தலையணை வச்சு உட்கார்ந்த மாதிரிதான் தூங்கறார். படுத்தா மூச்சு வாங்குது. பட்டறை டாக்டர் படம் எடுத்துப் பார்த்துட்டு நெஞ்சுல கல்லு தூசி படிஞ்சிருக்குன்னு சொன்னாராம். கை வெட்டுப்பட்டா கம்பெனி பார்க்கும், நெஞ்சுக்கெல்லாம் பார்க்காதாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். நான் சொன்னேன்னு தெரிஞ்சா விடுதிய மாத்திடுவார், அப்புறம் பார்த்துக்க ஆளிருக்காது."

அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை. நீயாகச் சொல்வாய் என்று தலையணையைக் கேட்டேன். நீ ஒன்று என்று எழுதினாய்.

பெயரை எடு என்ற உன் கடிதம் வந்த மறுநாளே நான் ஏழாம் ஜன்னலிடம் போனேன். போகாமல் இல்லை. "பேரை எடுத்துட்டு, அப்புறம் தேவைப்பட்டா திரும்பச் சேர்க்கலாமா?" என்று கேட்டேன். "சேர்க்கலாம்மா, ஆனா ஒரு வருஷம் காத்திருக்கணும். அதுவரைக்கும் அவருக்கு மருத்துவ அட்டை செல்லாது" என்றாள். ஒரு வருடம். மூன்று தலையணைக்காரனுக்கு ஒரு வருடம்.

நீ இன்றைக்கு வந்து இறங்கினால் நாளைக்கே உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அந்தப் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான்கு மாதமாகப் பாதி மாவு வாங்கினேன். ஊசியைக் குறைத்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். கையிருப்பை நீ வருகிறவரை இழுக்கலாம் என்று பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. உன் பெயரை அடிக்க அதைவிடப் பயமாக இருந்தது.

ஐந்து மாதமாகவா ஒரு போன் ரிப்பேர் ஆகாமல் இருக்கும்? நீ பேசினால் எனக்கு இருமல் கேட்டுவிடும், அதுதானே?

சமையல்காரரைத் திட்டாதே. விடுதியை மாற்றாதே. எழுது.

அக்கா

*

ஜூன் 12

அன்புத் தம்பி,

ஒரு மாதம் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. விடுதியை மாற்றிவிட்டாயா, என் மேல் கோபமா, எழுத முடியாத அளவுக்கு உடம்பு மோசமா என்று தெரியாமல் இருக்கிறேன். சமையல்காரரின் முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன், உன் கையில் சேர்ப்பார். நாங்கள் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம், காரணம் கீழே.

பழைய கையெழுத்தைக் கேட்டார்கள் அல்லவா? பிஸ்கட் டப்பாவோடு போனேன். எல்லா வருடத்து அசலும் அதில்தானே இருக்கிறது. ஏழாம் ஜன்னல் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள். உன் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அம்மா, இது அவர் கையெழுத்துதான்னு எனக்கும் தெரியுது, உங்களுக்கும் தெரியும். என்ன விஷயம், சொல்லுங்க."

வரிசையில் பின்னால் முப்பது பேர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. உன் நெஞ்சு, தலையணை, என் ஊசி, ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். அவள் போன நவம்பர் படிவத்தின் அசலைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றாள்.

"இந்தப் பக்கத்த ஏம்மா நிரப்பல?"

"அது விதிமுறைதானே? பொடி எழுத்துல ஏதோ போட்டிருக்கு. கையெழுத்துப் போடற இடம் முன்னாடியே முடிஞ்சிடுச்சே."

பொடி எழுத்துக்கு நடுவில் இரண்டு கட்டம் இருக்கிறது, தம்பி. ஒன்றில்: "குடும்பத்தினர் எவரேனும் வேலை நிமித்தம் வெளியூரில் தங்கியிருப்பின் இங்கே குறிப்பிடவும். அவரது வருமானம் குடும்ப வருமானத்தில் சேர்க்கப்படாது. பெயர் பட்டியலில் தொடரும்." இன்னொன்றில்: "ஆட்சேபம் இருப்பின் இங்கே குறிப்பிடவும். முடிவாகும்வரை இரு அட்டைகளும் முழு அளவில் தொடரும்."

உரிய இடம், உரிய இடம் என்று தேடினோமே, அது பிஸ்கட் டப்பாவுக்குள் குப்புறப் படுத்திருந்தது. ஜெராக்ஸ்காரர் முன்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பார். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அசலைப் பத்திரப்படுத்தினோம் பார், அப்படிப் பத்திரப்படுத்தினோம். அசலைக் கேட்டால் தர மாட்டேன் என்று சண்டை போட்ட குடும்பம் இந்த ஊரில் நாம் ஒன்றுதான் என்று நினைத்தேன். இல்லையாம்.

"எட்டு வருஷமா இந்த ஜன்னல்ல உட்கார்ந்திருக்கேன். பாதிப் பேர் ஜெராக்ஸ்தான் கொடுக்கறாங்க. பின்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு மறந்துபோச்சும்மா" என்றாள். அவளுக்கே முகம் வெளுத்துவிட்டது. ஒரு அட்டையை எடுத்து "இரண்டு பக்கமும் நிரப்பவும்" என்று பெரிசாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாள். வரிசையில் நின்ற முப்பது பேரும் அவரவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு வயசான மனிதர் தன் வெறும் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னுதுல ஒண்ணுமே இல்லையே" என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்சேபக் கட்டத்தை அங்கேயே நிரப்பினேன், அவளே இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்தாள். அன்று மாலையே மருந்துக் கடைக்காரர் உள்ளே வைத்ததை வெளியே எடுத்தார். இரண்டு வேளையும் போடுகிறேன். வாலு பக்கத்தில் நின்று கண்காணிக்கிறாள், போலீஸ்காரி மாதிரி. இந்த மாதம் மாவும் முழு அளவு, எண்ணெயும் உண்டு. உன் கடிதத்தையும் ஏழாம் ஜன்னல் விசாரணைக் கோப்பிலேயே வைத்திருக்கிறாள், இன்னும் பதியவில்லை.

ஆனால் வெளியூர்க் கட்டத்தை நான் நிரப்ப முடியாது. போனவரே தன் கையால் நிரப்ப வேண்டுமாம். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அசலை வெளியே அனுப்புகிறேன். இந்த உறைக்குள் இருக்கிறது. பெயர், வேலை, தங்கும் இடம் என்று மூன்று வரி சுலபம். நான்காவது வரியைப் பார்: "திரும்பும் உத்தேசத் தேதி." காலியாக விட்டால் நிரந்தரமாக வெளியேறியதாகக் கொள்வார்களாம். ஜூலை 20க்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு வருடமாக நான் உன்னிடம் கேட்காத கேள்வி அது. கேட்டால் பொய் சொல்வாய் என்று கேட்கவில்லை. இப்போது அலுவலகமே கேட்கிறது. என்ன எழுதுவாயோ எனக்குத் தெரியாது.

அக்கா

*

ஜூலை 3

அக்காவுக்கு,

இங்கே நான் நலம் என்று எழுதிப் பழகிய கை, இன்றைக்கு அதை அடித்துவிட்டு எழுதுகிறது. நலமில்லை அக்கா. நீ இரண்டு வேளையும் போடுகிறாய் என்பதைப் படித்த பிறகுதான் எனக்கே கொஞ்சம் மூச்சு வந்தது.

மே மாதக் கடிதம் வந்ததும் சமையல்காரரிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். அவர் பாட்டுக்குத் தினமும் தட்டைக் கதவருகில் வைத்துவிட்டுப் போனார். பதினோராம் நாள் நானே போய், "உப்பு இல்ல" என்றேன். "தெரியும், நீ வந்து சொல்லட்டும்னுதான்" என்றார். உன் கடிதத்தை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

போன் தொட்டியில் விழவில்லை. அலமாரியில் இருக்கிறது. தண்ணீர் பாதி நாள் ஓடாது. மூடி துணி மூடிதான்.

பெயரை எடுக்கச் சொன்னது உன் அட்டைக்காக மட்டும் இல்லை. வேலை செய்ய முடியாதவனாக வந்து உன் வீட்டு மூலையில் இருமிக்கொண்டு, உன் மாவில் பாதியைத் தின்றுகொண்டு உட்கார எனக்கு மனசு வரவில்லை. பட்டியலில் பெயரே இல்லையென்றால் திரும்பி வர எனக்குக் காரணமும் இருக்காது என்று நினைத்தேன். நீ அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஊசியைக் குறைப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத் தபாலில் போட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான்காவது வரிக்கு முன்னால் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். முதலில் "தெரியாது" என்று எழுத நினைத்தேன். பிறகு அடுத்த வருடம் என்று எழுத நினைத்தேன். சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரயில் டைம் பார்த்து எழுது" என்றார்.

ஜூலை 18 என்று எழுதியிருக்கிறேன். பட்டறையில் சொல்லிவிட்டேன். படிவத்தைத் தபாலில் போடவில்லை, நானே எடுத்து வருகிறேன். இரண்டு பக்கமும் நிரப்பியாயிற்று. ஜெராக்ஸ் எடுக்கவில்லை. அசலைச் சட்டைக்குள் வைத்திருக்கிறேன், 19ஆம் தேதி நாமிருவரும் போய் ஏழாம் ஜன்னலில் கொடுக்கலாம். மறுநாள் நீ சொன்ன அந்தப் பெரிய ஆஸ்பத்திரி.

வாலுவிடம் சொல், அவள் ஆவி காட்டிப் பிரித்தது சரியாக ஒட்டவே இல்லை என்று. அவளைத் திட்டாதே.

இன்னொன்று. நீ பிப்ரவரியில் கேட்டதற்கு நான் ஒன்று என்று எழுதினேன். சமையல்காரர் மூன்று என்று எழுதியது டிசம்பரில். இப்போது நான்கு. எடுத்து வை.

உன் தம்பி